யூபிளொக் ஒரிஜின் போட்டபின் தளம் குழம்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்கும் பிரவுசர் நீட்சியான யூபிளொக் ஒரிஜினைப் போட்டபின் ஏதாவது ஒரு தளம் குழம்பினால், நீட்சியையே அகற்றிவிடுகிறவர்கள் அதிகம். அது தேவையில்லை. இதில் தடுப்பு பல அடுக்குகளாக இருக்கிறது: வலைக் கோரிக்கைகளை மறிக்கும் பட்டியல்கள், பக்கத்தில் உள்ள பெட்டிகளை மறைக்கும் விதிகள், தளத்துக்குத் தளம் மாற்றக்கூடிய சிறு ஆளிகள், நீங்களாகச் சேர்த்த விதிகள். பிழை எந்த அடுக்கில் என்று தெரிந்தால் அந்தத் தளத்தில் அந்த அடுக்கை மட்டும் தளர்த்தலாம். மற்ற எல்லா இடத்திலும் பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

இங்கே சொல்லப்படுபவை கணினியில் பயர்பொக்ஸை வைத்து. குரோமிலும் போனிலும் வேறுபடுகிற இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே தந்திருக்கிறோம்.

முதலில், போட்டிருப்பது சரியான நீட்சிதானா?

ரேமண்ட் ஹில் என்பவர் 2014இல் தொடங்கிய திறந்தமூலத் திட்டம் இது. 2015இல் திட்டம் பிரிந்தது. அவர் தொடர்ந்து பராமரிப்பது ‘யூபிளொக் ஒரிஜின்’. ‘ஒரிஜின்’ இல்லாமல் வெறும் ‘யூபிளொக்’ என்று இருப்பது வேறு ஆட்களின் கையில் உள்ள வேறு பொருள். நீட்சிக் கடையில் உருவாக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் திட்டம் நன்கொடை வாங்குவதில்லை. அதன் பெயரில் யாராவது பணம் கேட்டால் அது போலி.

அடுத்து, கருவிப்பட்டையில் உள்ள கேடயச் சின்னத்தை அழுத்தினால் ஒரு சிறு பலகம் திறக்கும். பெரிய நீல மின்பொத்தான் மட்டும்தான் தெரிகிறது என்றால், கீழே உள்ள ‘மோர்’ என்பதை அழுத்துங்கள். பொப்-அப், பெரிய ஊடகம், மறைப்பு விதிகள், எழுத்துரு, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றுக்கான ஐந்து ஆளிகளும் அப்போதுதான் தெரியும். மின்னல் சின்னம் தற்காலிகமாக நீக்குவதற்கு, மருந்துத் துளிக்குழாய் போன்றது நிரந்தரமாக மறைப்பதற்கு, வரிசைக்கோடுகள் உள்ளது லொகர் (எது தடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று காட்டும் பதிவேடு), பற்சக்கரம் டாஷ்போர்ட் (அமைப்புகள் உள்ள பக்கம்). இந்த நான்கையும் அடையாளம் தெரிந்திருந்தால் போதும்.

எந்த அறிகுறிக்கும் முதற் சோதனை

குழம்பிய பக்கத்தில் இருந்தபடியே பெரிய மின்பொத்தானை அழுத்தி, பக்கத்தில் தோன்றும் சுழல் அம்பை அழுத்திப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஏற்றாமல் விட்டால் எந்த மாற்றமும் நடக்காது. ‘நிறுத்தியும் சரிவரவில்லை’ என்கிறவர்கள் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

பக்கம் சரியானால் பிழை இந்த நீட்சியில் இருக்கிறது. கீழே உரிய அறிகுறிக்குப் போங்கள். சரியாகாவிட்டால் நீட்சியைக் குறைசொல்வதில் பயனில்லை. ‘நிறுத்தியும் சரியாகவில்லை’ என்ற பகுதிக்கு நேரே போங்கள். பெறுபேறு வெளியாகும் நாட்களில் அரசாங்கத் தளங்கள் திறக்காமல் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. ஒரே நேரத்தில் எல்லோரும் மோதினால் தளம் தள்ளாடும், தடுப்பானுக்கு அதில் பங்கில்லை.

ஒரு கவனம்: மின்பொத்தானை அழுத்தினால் அந்தத் தளம் முழுவதும் ‘டிரஸ்டட் சைட்ஸ்’ பட்டியலில் ஏறிவிடும், நீங்கள் மாற்றும்வரை அங்கேயே இருக்கும். கொன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி அழுத்தினால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். சோதனை முடிந்ததும் மறுபடி அழுத்தி நீலமாக்குங்கள்.

அறிகுறி: குரோமில் ‘இனி ஆதரிக்கப்படாது’ என்று வருகிறது, அல்லது நீட்சியே காணாமற் போய்விட்டது

உங்கள் கணினியில் ஒன்றும் பிழையில்லை. குரோம், மெனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய நீட்சி முறையை 2024இலிருந்து படிப்படியாக நிறுத்தி, 2025இல் முழுதாகக் கைவிட்டது. பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் போகும்போதே நீட்சி அதைப் பார்த்து விடலாமா தடுக்கலாமா என்று தீர்மானிக்கும். புதிய வி3 முறையில் விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தீர்மானிப்பது பிரவுசர்தான். யூபிளொக் ஒரிஜினின் முழு வலிமையும் பழைய முறையில் தங்கியிருந்ததால் அதை அப்படியே மாற்ற முடியவில்லை.

வழி இரண்டு. குரோமிலேயே இருக்க வேண்டுமென்றால் அதே ரேமண்ட் ஹில் தருகிற ‘யூபிளொக் ஒரிஜின் லைட்’ போடுங்கள். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் தடுப்பு அளவை ‘பேசிக்’, ‘ஒப்டிமல்’, ‘கம்ப்ளீட்’ என்று நகர்த்தலாம். விளம்பரம் மிஞ்சினால் ஒப்டிமலுக்கோ கம்ப்ளீட்டுக்கோ ஏற்றுங்கள். லைட்டில் பட்டியல்கள் தனியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை, நீட்சியின் புதிய பதிப்போடுதான் வரும். ஆகவே ஒரு தளம் இன்று தந்திரத்தை மாற்றினால் திருத்தம் வந்துசேரத் தாமதமாகலாம்.

எங்கள் பரிந்துரை இரண்டாவது: பயர்பொக்ஸுக்கு மாறுங்கள். முழுப் பதிப்பும் அங்கே ஓடுகிறது. சில கண்காணிப்பு நிறுவனங்கள் தளத்தின் சொந்தத் துணைப்பெயருக்குள் ஒளிந்துகொண்டு வரும். அந்தப் பெயரின் பின்னால் உண்மையில் யார் என்று, இணையப் பெயர்களுக்கான பதிவேடான டிஎன்எஸ்ஸில் பார்த்துத் தடுக்கும் வசதியும் பயர்பொக்ஸில்தான் இருக்கிறது. பழைய குரோமில் நீட்சி இன்னும் திறக்கிறதென்றால் டாஷ்போர்டின் ‘செட்டிங்ஸ்’ அடியில் உள்ள ‘பேக் அப் டு ஃபைல்’ மூலம் கோப்பு ஒன்றை எடுத்து, பயர்பொக்ஸில் ‘ரிஸ்டோர் ஃப்ரம் ஃபைல்’ கொடுங்கள். உங்கள் சொந்த விதிகளும் நம்பகத் தளங்களும் அப்படியே வந்துவிடும்.

போனில்: அண்ட்ரொய்ட் குரோம் நீட்சிகளை ஏற்காது. அண்ட்ரொய்டுக்கான பயர்பொக்ஸைப் போட்டு, மெனுவில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். ஐபோன் பயர்பொக்ஸில் நீட்சி வசதி இல்லை. அங்கே சஃபாரிக்கான லைட் பதிப்புதான் வழி.

அறிகுறி: ஆங்கிலத் தளங்கள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் இலங்கைத் தளங்களில் விளம்பரம் வருகிறது

இதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. நீட்சியை நிறுவும்போது பிரவுசரின் மொழியைப் பார்த்து வட்டாரப் பட்டியலை அது தானாகத் தெரிவுசெய்யும். இங்கே பெரும்பாலானோரின் பிரவுசர் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ், சிங்களத் தளங்களுக்கான பட்டியல் தெரிவாகாமல் போய்விடுகிறது. டாஷ்போர்ட், ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’, அதில் ‘ரீஜன்ஸ், லேங்குவேஜஸ்’ பிரிவை விரித்து ‘இந்தியன்லிஸ்ட்’ என்பதில் அடையாளமிடுங்கள். பெயர் அப்படியிருந்தாலும் இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றுக்கும் உரியது, தமிழும் சிங்களமும் அதில் அடங்கும். மேலே ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்த மறக்க வேண்டாம்.

அதன் பிறகும் மிஞ்சுகிற விளம்பரம், பத்திரிகைத் தளம் தன் சொந்த வழங்கியிலிருந்தே ஏற்றும் படமாக இருக்கும். நகைக்கடை, காணி விற்பனை, கல்வி நிலையப் பதாகைகள் பல இப்படித்தான் வருகின்றன. வெளி நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாததால் பொதுப் பட்டியல்களுக்கு அது செய்திப் படம் போலவே தெரியும். தனியுரிமைக் கணக்கில் இவை தீங்கு குறைந்தவை, உங்களை வேறு தளங்களுக்குப் பின்தொடர்ந்து வருவதில்லை. கண்ணை உறுத்தினால் துளிக்குழாயால் மறைத்துவிடலாம்: சின்னத்தை அழுத்தி, பதாகையின் மேல் சொடுக்கி, கீழே வரும் பெட்டியில் நகர்த்துகோலை அசைத்து, ‘பிரிவியூ’ பார்த்து, சரியானது மட்டும் மறைகிறது என்றால் ‘கிரியேட்’. சில நாளில் பதாகை திரும்பி வந்தால், தளம் பெட்டியின் பெயரை மாற்றிவிட்டது என்று பொருள்.

தனிப்பட்ட சாளரத்தில் மட்டும் விளம்பரம் வருகிறதா? பயர்பொக்ஸின் நீட்சிப் பக்கத்தில் யூபிளொக் ஒரிஜினைத் திறந்து ‘ரன் இன் பிரைவேட் விண்டோஸ்’ என்பதற்கு ‘அலவ்’ கொடுங்கள். போனில் பேஸ்புக் செயலி, யூடியூப் செயலிக்குள் வரும் விளம்பரங்களை எந்தப் பிரவுசர் நீட்சியாலும் தொட முடியாது. அதே தளத்தைப் பயர்பொக்ஸில் திறந்தால்தான் பலன்.

அறிகுறி: கார்டில் பணம் செலுத்தும்போது ஓடிபி பக்கம் வெள்ளையாக நிற்கிறது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது

இதில் அவசரப்படக் கூடாது. பக்கத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் கழியலாம். முதலில் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா, வங்கிச் செயலியில் கழிவு தெரிகிறதா என்று பாருங்கள். கழிந்திருந்தால் கடையைத் தொடர்புகொள்ளுங்கள், மறுபடி முயல வேண்டாம். ஓடிபி இடும் பெட்டி ஒழுங்காகத் தெரிந்து, எண் மட்டும் போனுக்கு வராமலிருந்தால், அது பிரவுசர் விஷயமே அல்ல.

பக்கம்தான் வெறுமையாக நிற்கிறது என்றால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. கடையின் தளத்தில் ‘பே’ அழுத்தியதும் கட்டணவாயில் நிறுவனம் ஒன்று வருகிறது. அது உங்கள் கார்டை வழங்கிய வங்கியின் உறுதிப்படுத்தல் பக்கத்தை அழைக்கிறது. பிறகு கடைக்குத் திரும்புகிறது. குறைந்தது மூன்று வெவ்வேறு டொமைன்கள் (தளப் பெயர்கள்). வங்கிப் பக்கம் சில வேளை கடைப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சட்டகமாக வரும், சில வேளை முழு டேபையும் எடுத்துக்கொள்ளும், சில வேளை தனிச் சாளரமாகத் திறக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூபிளொக் ஒரிஜின் ஒரு தளத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதை முகவரிப்பட்டையில் உள்ள பெயரை வைத்தே தீர்மானிக்கிறது. வங்கிப் பக்கம் கடைக்குள் சட்டகமாக வந்தால், கடைத் தளத்தில் நிறுத்தினாலே வங்கிச் சட்டகத்துக்கும் சேர்த்து நிற்கும். முழு டேபும் கட்டணவாயிலுக்குப் போய்விட்டால், கடையில் நிறுத்தியது அங்கே செல்லாது. ஆகவே எந்தக் கட்டத்தில் நின்றது, அப்போது முகவரிப்பட்டையில் என்ன பெயர் இருந்தது என்பதைக் குறித்துவைத்து, அடுத்த முயற்சிக்கு முன்பே அந்தப் பெயருக்கு நிறுத்துங்கள். பணம் செலுத்தி முடிந்ததும் கடைத் தளத்தில் திரும்ப இயக்கிவிடுங்கள். கட்டணவாயிலை நம்பகப் பட்டியலில் விட்டுவைப்பதில் பெரிய இழப்பில்லை, விளம்பரம் பார்க்க யாரும் அங்கே போவதில்லை.

இயல்பான அமைப்பில் இந்தச் சிக்கல் அரிது. அடிக்கடி வருகிறதென்றால் பின்வருவனவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். பலகத்தில் பொப்-அப் ஆளி மூடியிருந்தால் வங்கியின் தனிச் சாளரம் திறக்காது. ஜாவாஸ்கிரிப்ட் ஆளி மூடியிருந்தால் எதுவுமே நடக்காது. ‘ஐ ஆம் ஆன் அட்வான்ஸ்ட் யூசர்’ என்பதைத் தெரிவுசெய்து, வெளித்தள ஸ்கிரிப்டுகளையும் சட்டகங்களையும் முழுதாகத் தடுக்கிற ‘மீடியம் மோட்’ வைத்திருந்தால், ஒவ்வொரு புதிய கடையிலும் இது நடப்பது எதிர்பார்க்க வேண்டியதே. அப்படி வைத்திருப்பவர்கள் பலகத்தின் வலது பத்தியில், கட்டணவாயிலின் பெயருக்கு நேரே சாம்பல் நிறத்தைத் தெரிவுசெய்யுங்கள். பச்சை வேண்டாம். சாம்பல் உங்கள் தடையை மட்டும் விலக்கும், பொதுப் பட்டியல்கள் தொடர்ந்து வேலைசெய்யும். பச்சை பட்டியல்களையும் தாண்டி அந்தப் பெயரிலிருந்து வருகிற எல்லாவற்றையும் உள்ளே விடும். பலன் தெரிந்ததும் பூட்டுச் சின்னத்தை அழுத்தினால்தான் மாற்றம் நிலைக்கும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் லொகர். பணம் செலுத்தத் தொடங்குமுன் அதைத் திறந்துவைத்து, சிக்கிய கட்டத்தில் சிவப்பு வரிசைகளைப் பாருங்கள். மோசடியைத் தடுப்பதற்காகச் சில கட்டணவாயில்கள் உங்கள் சாதனத்தின் அடையாளங்களைத் திரட்டும் ஸ்கிரிப்டை ஏற்றும். கண்காணிப்பு ஸ்கிரிப்டும் செய்வது அதே வேலை என்பதால் தனியுரிமைப் பட்டியல்கள் அதைப் பிடிப்பதுண்டு. சிவப்பு வரிசையைச் சொடுக்கினால் எந்தப் பட்டியலின் எந்த விதி தடுத்தது என்று விவரம் வரும்.

அறிகுறி: தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை, அல்லது சின்னங்களுக்குப் பதில் சதுரங்கள்

பலகத்தில் எழுத்துரு ஆளியைப் பாருங்கள். அது மூடியிருக்கிறது. டேட்டா மிச்சமாகும் என்று டாஷ்போர்டில் ‘பிளொக் ரிமோட் ஃபொன்ட்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்தவர்களுக்கு இது வரும்.

யூனிகோட் தளங்களில் பெரிய கேடில்லை. தளத்தின் அழகான எழுத்துரு போய், கணினியில் உள்ள தமிழ் எழுத்துரு வரும். பட்டன்களில் உள்ள சின்னங்கள் மட்டும் சதுரங்களாகும். ஆனால் பாமினி முறையில் தட்டெழுதிய பழைய பக்கங்கள் இன்னும் இருக்கின்றன: சங்க மலர்கள், கோயில் தளங்கள், பாடசாலை வெளியீடுகள். பாமினியில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துருவைத் தடுத்தால் அடியில் இருப்பது வெளியே தெரிந்துவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் எழுத்துரு ஆளியைத் திறந்து, பூட்டுச் சின்னம் தோன்றினால் அதையும் அழுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

ஆளி திறந்திருந்தும் குப்பையாகவே இருந்தால், அந்தப் பக்கம் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் புரிந்துகொள்கிற வகை எழுத்துருக் கோப்பைப் பயன்படுத்துகிறது. இன்றைய பிரவுசர் எதிலும் அது வேலைசெய்யாது. கணினியில் பாமினி எழுத்துருவை நிறுவினால் பெரும்பாலும் தெரியும். இல்லாவிட்டால் உரையைக் கொப்பி எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு வாசிக்கலாம்.

அறிகுறி: யூடியூபில் விளம்பரம் திரும்பி வந்துவிட்டது

யூடியூப் தன் முறையை மாற்றுவதும், பட்டியல் பராமரிப்பவர்கள் பின்தொடர்ந்து திருத்துவதும் முடியாத கதை. ஆகவே புதிய விதி எதையாவது இணையத்தில் தேடி ஒட்டுவதுதான் நீங்கள் செய்யக்கூடியவற்றுள் மோசமானது. பழைய விதி புதிய திருத்தத்தோடு மோதிப் பிழையை நிரந்தரமாக்கிவிடும். செய்ய வேண்டியது: ‘மை ஃபில்டர்ஸ்’ பகுதியில் யூடியூப் பற்றி ஒட்டியதையெல்லாம் நீக்குங்கள். ‘டிரஸ்டட் சைட்ஸ்’ பகுதியில் யூடியூப் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு விளம்பரத் தடுப்பான், யூடியூபுக்கென்று போட்ட பிற நீட்சிகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ போய் ‘பர்ஜ் ஆல் கேஷஸ்’, அதன்பின் ‘அப்டேட் நவ்’. ‘யூபிளொக் ஃபில்டர்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘குவிக் ஃபிக்ஸஸ்’ பட்டியல் இத்தகைய அவசரத் திருத்தங்களுக்காகவே இருப்பது, மற்றவற்றைவிட அடிக்கடி புதுப்பிக்கப்படும். அதன் அடையாளத்தை எடுத்துவிடாதீர்கள்.

வீடியோவின் நடுவில் அதைச் செய்தவரே பேசி விளம்பரப்படுத்தும் பகுதி வேறு. அது வீடியோவின் பாகம், இந்த நீட்சியின் எல்லைக்கு வெளியே.

அறிகுறி: ‘விளம்பரத் தடுப்பானை நிறுத்துங்கள்’ என்று சுவர் எழும்புகிறது

பட்டியல்களைப் புதுப்பித்து மறுபடி பாருங்கள். பாதிச் சுவர்கள் அதோடு விழும். விழாவிட்டால் இரண்டு தடுப்பான்கள் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். யூபிளொக் ஒரிஜின் சில ஸ்கிரிப்டுகளைத் தடுக்காமல், வெறுமையான மாற்று ஒன்றைக் கொடுத்துத் தளத்தைச் சமாளிக்கும். இரண்டாவது தடுப்பான் குறுக்கே வந்து அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடும். இரண்டு போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைப்பது பிழை.

வாசிக்க வேண்டியது ஒரே ஒரு கட்டுரை, சுவர் வெறும் மூடுபலகைதான் என்றால் மின்னல் சின்னத்தை அழுத்தி அதன் மேல் சொடுக்குங்கள். பக்கம் நகராமல் கட்டிப்போட்டிருந்தால் அதையும் பெரும்பாலும் அவிழ்த்துவிடும். எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அடுத்த தடவை ஏற்றும்போது சுவர் திரும்ப வரும்.

நீங்கள் நாள்தோறும் வாசித்துப் பயன்பெறுகிற சிறு தமிழ்த் தளம் ஒன்று, அளவான விளம்பரத்தோடு, மரியாதையாகக் கேட்கிறது என்றால் அந்தத் தளத்துக்கு நிறுத்தி வைப்பதில் தவறில்லை. மின்பொத்தான் தளத்துக்குத் தளம் இயங்குவது அதற்கும்தான்.

அறிகுறி: முழுப் பக்கமாக எச்சரிக்கை, ‘பின்வரும் பக்கம் ஏற்றப்படுவதைத் தடுத்தது’

இது பெரும்பாலும் மின்னஞ்சலில் அல்லது எஸ்எம்எஸ்ஸில் வந்த இணைப்பைச் சொடுக்கும்போது வரும். கழிவு விலை அறிவிப்பு, விமானச்சீட்டுச் சலுகை போன்றவற்றில் இணைப்பு நேரே கடைக்குப் போவதில்லை, யார் சொடுக்கினார்கள் என்று எண்ணும் இடைத்தரகு முகவரி வழியாகப் போகிறது. அந்த முகவரி கண்காணிப்புப் பட்டியலில் இருப்பதால் மறிக்கப்படுகிறது.

எச்சரிக்கைப் பக்கத்திலேயே தடுக்கப்பட்ட முகவரியின் கூறுகளைப் பிரித்துப் பார்க்கலாம். போக வேண்டிய உண்மையான முகவரி பெரும்பாலும் அதற்குள் இருக்கும். அதை மட்டும் கொப்பி எடுத்துத் திறங்கள். இல்லாவிட்டால் கடையின் பெயரை நீங்களே முகவரிப்பட்டையில் தட்டுங்கள். தொடர்வதற்கான பொத்தானை அழுத்துமுன், மறித்தது எந்தப் பட்டியல் என்று அதே பக்கத்தில் வாசியுங்கள். தனியுரிமைப் பட்டியல் என்றால் உங்கள் விருப்பம். தீங்கான முகவரிகளுக்கான பட்டியல் என்றால், அதுவும் பொதி வந்திருக்கிறது, தபாற் கட்டணம் பாக்கி என்கிற எஸ்எம்எஸ்ஸிலிருந்து வந்த இணைப்பு என்றால், தொடரவே வேண்டாம்.

அறிகுறி: கிரிக்கெட் நேரடி ஒளிபரப்பு தொடங்குவதில்லை

பல காணொளி இயக்கிகள் முதலில் விளம்பரத் துணுக்கைக் கேட்டு, அது வந்துமுடிந்த பிறகே போட்டியைக் காட்டும். விளம்பரம் வராவிட்டால் சில அப்படியே காத்துக்கொண்டிருக்கும். கூகுளின் காணொளி விளம்பர ஸ்கிரிப்டுக்கு யூபிளொக் ஒரிஜின் தன் சொந்த மாற்று ஒன்றைக் கொடுத்து ‘விளம்பரம் முடிந்தது’ என்று இயக்கியை நம்பவைக்கும். லொகரில் மஞ்சள் வரிசையாக அது தெரியும். மஞ்சள் இருந்தும் ஓடவில்லையென்றால் பட்டியல்களைப் புதுப்பியுங்கள். போட்டி தொடங்கிவிட்டது, பொறுமையில்லை என்றால் கொன்ட்ரோலோடு மின்பொத்தானை அழுத்தி அந்தப் பக்கத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள், பிறகு ஆராயலாம். பெரிய ஊடக ஆளி மூடியிருந்தாலும் படம் வராது, அதையும் ஒரு தடவை பாருங்கள்.

உரிமையில்லாத ஒளிபரப்புத் தளங்களில் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அங்கே ‘பிளே’ என்று தெரிகிற ஒவ்வொன்றும் வேறொரு சாளரத்தைத் திறக்கும் பொறி.

அறிகுறி: துளிக்குழாயைப் பயன்படுத்தியபின் தளத்தில் பாதியைக் காணவில்லை

பதாகைக்குப் பதிலாக அதைச் சுற்றியிருந்த பெரிய பெட்டியைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள். டாஷ்போர்ட், ‘மை ஃபில்டர்ஸ்’. கடைசியாகச் சேர்ந்தது அடியில் இருக்கும், தளத்தின் பெயரும் திகதியும் மேலே குறிப்பாக இருக்கும். அந்த வரியை அழித்து ‘அப்ளை சேஞ்சஸ்’.

அறிகுறி: டேட்டா இன்னும் கரைகிறது, அல்லது பழைய மடிக்கணினி முன்னைவிட மந்தம்

விளம்பரம் போனாலும் பெரிய படங்களும் தானாக ஓடும் வீடியோக்களும் தளத்தின் சொந்தப் பொருட்கள், அவை வந்துகொண்டுதான் இருக்கும். மாத முடிவில் டேட்டா தட்டுப்படுகிறவர்களுக்கு டாஷ்போர்டின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பிளொக் மீடியா எலிமென்ட்ஸ் லார்ஜர் தேன்’ என்பது மிகப் பயனுள்ளது. இயல்பு அளவு 50 கேபி. அதைவிடப் பெரிய படம் வெறும் சட்டமாக நிற்கும், சொடுக்கினால் மட்டும் இறங்கும். 50 மிகக் கடுமையாக இருந்தால் 150, 200 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். செய்தித் தளங்களில் வித்தியாசம் உடனே தெரியும். படம் கட்டாயம் வேண்டிய தளங்களில் ஆளியைத் திறந்துவிடுங்கள்.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பட்டியல் மோகம். ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அடையாளமிட்டால் நினைவகம் தின்னும், தளங்களும் அதிகம் உடையும். இயல்பாக உள்ளவற்றோடு இந்தியன்லிஸ்ட் போதும். குக்கி அறிவிப்புத் தொல்லை தாங்கவில்லை என்றால் ‘குக்கி நோட்டீசஸ்’ ஒன்றைச் சேருங்கள். ரேம் குறைந்த கணினியில் ‘இக்னோர் ஜெனெரிக் கொஸ்மெட்டிக் ஃபில்டர்ஸ்’ என்பதற்கும் அடையாளமிடலாம். சில வெற்றுப் பெட்டிகள் கண்ணில் படும், ஆனால் கோரிக்கைத் தடுப்பு குறையாது.

அறிகுறி: பட்டியல்கள் புதுப்பிக்கப்படுவதில்லை

கணினியின் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். மதர்போர்ட் பற்றரி செத்த பழைய கணினிகள் ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து, பட்டியல் வழங்கும் தளங்களோடு இணைப்பு அறுந்துவிடும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மட்டுமல்ல, எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கிற சிறு வட்டப் பற்றரிதான் அது. நேரம் சரியாக இருந்தும் முடியவில்லையென்றால் அலுவலக வலையமைப்பு மறிக்கிறதா என்று பாருங்கள்: போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து ‘அப்டேட் நவ்’ கொடுங்கள்.

அறிகுறி: நிறுத்தியும் சரியாகவில்லை

முகவரிப்பட்டையின் இடப்பக்கத்தில் பயர்பொக்ஸுக்கே சொந்தமான கேடயம் ஒன்று இருக்கிறது. ‘ஸ்ட்ரிக்ட்’ வைத்திருந்தால் அதுவும் தளங்களை உடைக்கும். அந்தத் தளத்துக்கு அதை நிறுத்திப் பாருங்கள். பிறகு ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ட்ரபிள்ஷூட் மோட்’. எல்லா நீட்சிகளையும் ஒதுக்கிவைத்துத் திறக்கும். அதில் தளம் சரியானால் வேறொரு நீட்சிதான் காரணம், ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

அதிலும் சரியாகாவிட்டால் டிஎன்எஸ். அண்ட்ரொய்ட் போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பகுதியில் விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் பெயர் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் நிறையப்பேர். அது பிரவுசருக்கு வெளியே, போன் முழுவதற்கும் தடுக்கும். யூபிளொக் ஒரிஜினின் பொத்தான் அதைத் தொடாது. ஹோட்டலிலோ தேநீர்க் கடையிலோ வைஃபை இணைந்தும் லொகின் பக்கம் வராமல் நின்றால் காரணம் அநேகமாக இதுதான்: அங்கே இருக்கும்வரை ‘ஓட்டோமெட்டிக்’ என்று மாற்றுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் முறையிடுவது

பலகத்தில் பேச்சுக்குமிழ் போன்ற சின்னத்தை அழுத்தினால் அந்தப் பக்கத்தைப் பற்றி முறையிடும் படிவம் திறக்கும். முதலில் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லும், பிறகு ஏற்கெனவே யாராவது முறையிட்டிருக்கிறார்களா என்று தேடச் சொல்லும். இரண்டையும் செய்யுங்கள். முறையீடுகள் பதிவாகும் கிட்ஹப் தளத்தில் கணக்கு தேவை. வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், அவர்களுக்குத் தமிழ்த் தளம் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே எளிய ஆங்கிலத்தில், எந்தப் பக்கம், எதை அழுத்தினால், என்ன வர வேண்டும், என்ன வருகிறது என்று வரிசையாக எழுதி, ஸ்கிரீன்ஷொட் ஒன்றில் பிழையான இடத்தை வட்டமிட்டு இணையுங்கள். வங்கி அல்லது கட்டணப் பக்கம் என்றால் முகவரியின் பின்பகுதியில் உங்கள் பரிவர்த்தனை எண் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்கிரீன்ஷொட்டில் கணக்கு விவரம் இருக்கும். அனுப்புமுன் இரண்டையும் நீக்குங்கள், முறையீடு எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் பதிவாகிறது.